கைராசி எங்கும் போய்விடவில்லை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 49. தனியார் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். 2018-இல் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டேன். ஆறு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, பிரஷரும் சர்க்கரையும் நோட்டில் எழுதுவது, கஞ்சி கொடுப்பது, அவ்வளவுதான். அவர் வெளியே பார்க்கட்டும் என்று கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன்; முருங்கை மரத்தைப் பார்த்தபடி இருப்பார். போன கார்த்திகையில், ஃபெஞ்சல் புயலுக்குப் பத்து நாள் முன்பு, அவர் இறந்துவிட்டார். அந்தப் புயலில் முருங்கையும் முறிந்து விழுந்தது. இப்போது அடிக்கட்டை தளிர்த்து ஆள் உயரம் வந்துவிட்டது. கம்பளிப்பூச்சி வரும், வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாடியில் இருந்த நந்தியாவட்டைத் தொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும், மார்கழியில் இலை பழுத்துச் செத்துப்போனது. என் கைராசியும் அத்தையோடு போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. போனில் வைத்திருந்த அலாரங்களை இன்னும் எடுக்கவில்லை. பிள்ளைகள் வெளியூரில், கணவருக்குச் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகள் ஏற்பாடு செய்த ஆலோசகர் ஒருவர் “உங்கள் பலங்கள் ஐந்தை எழுதுங்கள்” என்றார். ஒரு வாரம் தாளை வைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் எழுத வரவில்லை. எல்லோரும் கடற்கரையில் நடக்கச் சொல்கிறார்கள். 2004-க்குப் பிறகு நான் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனதே இல்லை. புதுச்சேரி அருகே மூன்று நாள் இயற்கைச் சிகிச்சை முகாம், 18,000 ரூபாய் என்று மகள் சொல்கிறாள். இதெல்லாம் உண்மையில் பயன் தருமா? எந்தப் பலமும் இல்லாதவளிடம் எதை வளர்ப்பது? சில நாட்களில் நானும் அத்தையோடு போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நெடுநாள் ஒருவரைப் பார்த்துக்கொண்டு, அவரை இழந்தவர்களிடம் “நானும் போயிருக்கலாம்” என்ற நினைப்பு எழுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது உங்களுக்கு மட்டும் வந்த விபரீதம் அன்று. ஆனால் ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகும் அந்த நினைப்பு நீடிக்கிறது, விடியலுக்கு முன்பே தூக்கம் கலைகிறது, ஒரு தாளில் ஐந்து வரி எழுதவும் முடியவில்லை என்னும்போது, அதைத் துக்கம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. எப்படிப் போவது என்கிற அளவுக்கு எண்ணம் எப்போதாவது சென்றால், அன்றைக்கே உங்கள் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அப்படி இல்லாவிட்டாலும், இந்த வாரத்துக்குள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, புதுச்சேரி ஜிப்மரின் மனநல மருத்துவத் துறையிலோ ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் ரத்தசோகையும் இருக்கின்றனவா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெடுவதும் உண்டு என்பதால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். இனி நான் எழுதப்போகும் அனைத்தும் அந்த மருத்துவத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை அல்ல.

அடுத்து, ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். ‘இயற்கைச் சிகிச்சை’ என்றதும் நம் ஊரில் மண் குளியலும் பழச்சாறு உபவாசமும் நினைவுக்கு வருகின்றன. அது இயற்கை மருத்துவம் என்ற வேறொரு முறை. உங்கள் மகள் சொல்வது, மரம், செடி, பறவை, நீர்நிலை ஆகியவற்றோடு திட்டமிட்டுப் பழகுவதை மனநலத்துக்குப் பயன்படுத்தும் வழி. இதன் பயனைப் பற்றி அளவாகச் சொல்ல முடியும். ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள்; கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இதை நான் உங்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. யாரும் சொல்லாமலே உங்கள் மாமியாரின் கட்டிலை முருங்கை தெரியும்படி திருப்பிப் போட்டவர் நீங்கள். பயன் தருமா என்று கேட்கும் ஒன்றை நீங்கள் ஆறு ஆண்டுகள் இன்னொருவருக்குச் செய்திருக்கிறீர்கள்.

2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 90 நிமிடம் மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் நடந்தவர்களையும், வாகன நெரிசல் மிகுந்த சாலையோரம் நடந்தவர்களையும் ஒப்பிட்டபோது, முதல் பிரிவினரிடம் மட்டும் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் செலவிட்டவர்கள் தம் உடல்நலத்தையும் மனநிறைவையும் நல்லதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தார்களா, பிரித்துக் கழித்தார்களா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. நலமாக இருப்பவர்களே வெளியே அதிகம் போயிருக்கலாம் என்பதால், இதை மருந்துச் சீட்டைப்போல வாசிக்கக் கூடாது. உல்ரிக்கின் ஆய்வும் சிறியதுதான். ஆகவே, செடி வளர்த்தால் மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உரிய சிகிச்சைக்கு அது நல்ல துணை, குறிப்பாக உங்களைப் போன்றவர்களுக்கு, என்று தயங்காமல் சொல்வேன்.

‘உங்களைப் போன்றவர்கள்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற உளவியல் அறிஞர்கள் கவனத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முயன்று ஒரு பொருளின்மேல் நிறுத்தும் கவனம் ஒன்று. அது உழைக்க உழைக்கக் களைக்கும். தானாக ஈர்க்கப்பட்டுப் படியும் கவனம் மற்றொன்று. இலை அசைவதையோ, மேகம் நகர்வதையோ, எறும்புச் சாரி செல்வதையோ பார்க்கும்போது நிகழ்வது அது, அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. படுக்கையில் இருப்பவரின் மூச்சு மாறுகிறதா, புரை ஏறுகிறதா, கால் வீங்குகிறதா என்று ஆறு ஆண்டுகள் இரவும் பகலும் காதைத் தீட்டி வைத்திருந்த ஒருவரிடம் முதல் வகைக் கவனம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். தாளில் ஐந்து வரி எழுத முடியாமல் போனதற்கு அந்தக் களைப்பே பாதிக் காரணம்.

மீதிப் பாதி நாம் வளர்ந்த விதம். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லிக்கொள்வதைத் தற்பெருமை என்று கற்று வளர்ந்த பெண்ணிடம், அதுவும் மனம் சோர்ந்து கிடக்கும் நேரத்தில், உன் பலங்களைப் பட்டியலிடு என்றால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அந்த ஆலோசகர் கேட்டது நல்ல நோக்கத்தில்தான். கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் மனிதர்களிடம் காணப்படும் 24 குணநலன்களை வகைப்படுத்தினார்கள். விடாமுயற்சி, அன்பு, கற்றுக்கொள்ளும் விருப்பம், நிதானம், நேர்மை போன்றவை அதில் அடங்கும். ஆனால் அடுத்த ஆண்டே செலிக்மனும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனையில் ஒன்று தெரியவந்தது. தம் சிறந்த குணங்களைக் கண்டறிந்து பட்டியலிட்டதோடு நின்றவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி விரைவில் மறைந்தது. அவற்றில் ஒன்றை ஒரு வாரம் நாள்தோறும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களுக்கோ ஆறு மாதத்துக்குப் பிறகும் நன்மை நீடித்தது. தாளை ஒதுக்கி வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம். பலம் என்பது முதலில் கையில் தெரியும். எழுத்தில் பிறகு வரும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். “அதில் பெரிதாக ஒன்றும் இல்லை” என்று எழுதிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததைச் சொல்கிறீர்கள். நீங்கள் கணக்கு டீச்சர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 12 முறை, ஆண்டுக்கு 4,380, ஆறு ஆண்டுகளுக்கு 26,280. நடுநடுவே கணவர் கைமாற்றியிருப்பார் என்று கழித்துக்கொண்டாலும், மிஞ்சும் எண்ணிக்கை என்னை எழுந்து நிற்கச் செய்கிறது. இதைவிட முக்கியமானது ஒன்று: ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவரைப் பற்றிய கடிதத்தில் படுக்கைப்புண் என்ற சொல்லே இல்லை. வந்திருந்தால் நீங்கள் அதை உங்கள் குற்றமாக முதல் பத்தியிலேயே எழுதியிருப்பீர்கள் என்பதை உங்கள் எழுத்தின் போக்கிலிருந்து அறிகிறேன். பயிற்சி பெற்ற செவிலியர்கள் முறைவைத்து மாறி மாறிப் பார்க்கும் இடங்களிலும் படுக்கைப்புண் வருகிறது. கூர்ந்து பார்த்தல், பார்த்ததைப் பதிதல், யாரும் மெச்சாவிட்டாலும் விடாமல் செய்தல், இன்னொருவரின் கண்கொண்டு சன்னலைப் பார்த்தல் என்ற நான்கு குணங்கள் உங்கள் கடிதத்தில் நீங்கள் அறியாமலே எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தாவதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அப்படியானால் இத்தனை குணங்களும் இருந்தும் ஏன் வெறுமை? என் புரிதலைச் சொல்கிறேன். உங்கள் கவனிப்பு எங்கும் போய்விடவில்லை. அது பணியிழந்து நிற்கிறது. இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான். புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லாத கட்டிலை ஒருமுறை சுற்றிவிட்டு, செய்ய வேலை கிடைக்காமல், “நான் எதற்கு” என்று உங்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. அதற்கு வேறு வேலை வேண்டும். ஆனால் பழைய வேலையைப் போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையாக அது இருக்கக் கூடாது. தன்பாட்டுக்கு வளர்வதாகவும், கொஞ்சம் மட்டுமே உதவி கேட்பதாகவும், அவசரப்படுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் செடியிடம் உண்டு. மனநல ஆலோசனையில் செடியைக் கையில் கொடுக்கிறோம் என்றால் அழகுக்காக மட்டும் அன்று, இந்தக் காரணத்துக்காகத்தான்.

உங்கள் நந்தியாவட்டையின் கதையே இதற்குச் சான்று. மழை ஓய்ந்தும் ஓயாத மார்கழியில், தொட்டிச் செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், இலைகள் பழுத்தன. பெரும்பாலும் தொட்டியின் அடித்துளை அடைபட்டு, நீர் தேங்கி, வேர் மூச்சு முட்டி அழுகியிருக்க வேண்டும். தண்ணீர் போதாமல் செத்திருந்தால் இலை முதலில் துவண்டு காய்ந்திருக்கும். காலித் தொட்டி இன்னும் இருந்தால் மண்ணைக் கொட்டிப் பாருங்கள். வேர் கறுத்துக் குழைந்திருக்கும், மண்ணில் ஒரு புளித்த வாடை இருக்கும். ஆகவே அந்தச் செடியை உங்கள் அலட்சியம் கொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கவனித்துப் பழகிய கை, அத்தனை கவனிப்பு தேவையில்லாத ஓர் உயிரின்மேல் அதைக் கொட்டிவிட்டது. கைராசி என்று நாம் சொல்வது பெரும்பாலும், எப்போது கையை நீட்டுவது, எப்போது கையை எடுப்பது என்று அறிந்த பார்வையைத்தான். முதல் பாதி உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் பாதியைப் பழக வேண்டும்.

பழகும் முறையைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரங்களுக்கு நீங்கள் எதையும் நட வேண்டாம். வெயில் ஏறுமுன், முருங்கையின் அருகே ஒரு நாற்காலி போட்டு 20 நிமிடம் உட்காருங்கள். நாள்தோறும் உட்கார்ந்தால் வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிறது. ஒரு நாள் தவறினாலும் 120 நிற்கிறது. புதிதாக 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிரஷரும் சர்க்கரையும் எழுதிய நோட்டின் மீதிப் பக்கங்களைப் பயன்படுத்த வேண்டாம். அது அத்தைக்கு உரியது, அப்படியே இருக்கட்டும். புது நோட்டில் மூன்று பத்திகள் கோடிடுங்கள்: பார்த்தது, செய்தது, செய்யாமல் விட்டது. மூன்றாவது பத்தியை மறந்துவிடாதீர்கள், உங்களுக்கு அதுவே மருந்து. தண்ணீர் ஊற்ற எழுந்தேன், விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தேன், ஈரம் இருந்தது, ஊற்றவில்லை என்று ஒரு வரி எழுத முடிந்த நாள், உங்கள் சிகிச்சையில் நல்ல நாள்.

ஆடி பிறக்கப் போகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வகை விதைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று முளைக்கீரை, நான்கைந்து நாளில் முளைத்து, ஒரு மாதத்துக்குள் பறிக்கத் தயாராகிவிடும். மனம் சோர்ந்திருப்பவருக்கு முதலில் விரைவாகக் கிடைக்கும் ஒரு விளைச்சல் தேவை. முதல் முயற்சியிலேயே நோஞ்சான் ரோஜாவைக் கொடுத்து ஏமாற்றக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். மற்றொன்று கொடி அவரை. ஆடியில் போட்டால் கொடி ஓடிப் பந்தலை மூடும், ஆனால் நம் பழைய நாட்டு வகைகள் பனிக்காலத்தில் பகல் குறுகிய பிறகுதான் பூக்கும். இடையில் நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், எத்தனை முறை மாடிக்கு ஏறினாலும், அது தன் காலத்துக்குத்தான் காத்திருக்கும். பராமரிப்பவரால் முடிவை விரைவுபடுத்தவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது என்ற உண்மையை, ஒரு நோயாளியின் கட்டிலருகே கற்பது கொடுமை. அவரைப் பந்தலின் கீழ் அதைத் தாங்கிக்கொள்ளலாம். தொட்டியின் துளைமேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து, செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். கீரையில் பாதியை அணிலோ பூச்சியோ தின்றுவிட்டால், அதையும் ‘பார்த்தது’ பத்தியில் எழுதுங்கள்.

மூன்று வாரங்கள் கழித்து நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள், அல்லது அந்த ஆலோசகரிடம் கொண்டுபோங்கள். வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். எண்ணினேன், ஒப்பிட்டேன், காத்திருந்தேன், நகர்த்தி வைத்தேன் என்று வரும். அவர் கேட்ட தாளுக்கான விடை அங்கே உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அதை மறுப்பது உங்களுக்கே கடினமாக இருக்கும். அதன் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செடிக்கு அப்பால் அதற்கு ஓர் இடம் தேடலாம். பதினான்கு ஆண்டுகள் கற்றுக்கொடுத்த ஒருவர் மாடியில் இருக்கிறார் என்பது தெரிந்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கீரைத் தொட்டியருகே வந்து நிற்பார்கள். அவரைக்கொடி நாளுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறது என்று அளந்து, சராசரி கண்டு, வரைபடம் போடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள், வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் எதையும் முழுநேரக் கடமையாக்கிக்கொள்ளும் இயல்புடையவர் என்பதால் இந்த வரம்பை வற்புறுத்துகிறேன்.

கடற்கரை குறித்து. தேவனாம்பட்டினத்தைச் சுனாமி எப்படிப் புரட்டிப் போட்டது என்பது கடலூரில் வாழும் எவருக்கும் விளக்கத் தேவையில்லாதது. இயற்கை எல்லோருக்கும் ஆறுதல் தரும் என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை மறந்தேன். என் பணியின் தொடக்க ஆண்டுகளில், கரையோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், மாலையில் சிறிது நேரம் அலையோரம் உட்காருங்கள் என்று, அவர் 2004-இல் எதை இழந்தார் என்று கேட்காமலே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தூக்கம் முற்றிலும் கெட்ட நிலையில் வந்தார். அந்த நாளுக்குப் பிறகு, உங்களுக்கு எந்த இடம் பயம் தருகிறது என்று கேட்காமல் எந்த இடத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆகவே நீங்கள் கடலுக்குப் போக வேண்டியதில்லை. போகாததை ஒரு தோல்வியாக எண்ண வேண்டியதும் இல்லை. அந்தப் பயத்தை நேர்கொள்ள என்றைக்காவது விரும்பினால், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு படிப்படியாகச் செய்யும் முறைகள் இருக்கின்றன.

வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்று தோன்றும்போது, கடல் அல்லாத இடங்கள் அருகிலேயே உள்ளன. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த பாதிரி மரமே பாடலீசுவரர் கோயிலின் தலமரம். கும்பல் இல்லாத நேரத்தில் அங்கே உட்கார்ந்து வரலாம். பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்தால், பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் அமைத்த தாவரவியல் பூங்காவில் முதிய மரங்களின் நிழலில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். மகள் ஊருக்கு வரும்போது ஊசுட்டேரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வலசைப் பறவைகள் வரும் மார்கழி, தை மாதங்கள் அதற்கு உகந்தவை. பிச்சாவரம் அழகான இடம்தான், ஆனால் படகும் நீரும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது தெரியும்வரை அதை ஒத்திவைப்போம்.

முகாமுக்கு இப்போது போக வேண்டாம் என்பது என் கருத்து. பணத்துக்காகச் சொல்லவில்லை. அறிமுகமில்லாதவர்கள் நடுவே மூன்று நாள் உணர்ச்சிப் பெருக்கில் இருந்துவிட்டு, நான்காம் நாள் யாரும் இல்லாத வீட்டுக்குத் திரும்புவது, உங்கள் நிலையில் இருப்பவரை மேலும் தளர்த்தக்கூடும். ஓராண்டு கழித்து விருப்பமிருந்தால் யோசிக்கலாம். அப்போதும் நடத்துபவரின் படிப்பும் பயிற்சியும் என்னவென்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். சேரும் முன்பே உங்கள் உடல்நலம், மாத்திரை, துக்கம் பற்றிக் கேட்டறிகிறாரா என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.

முருங்கையை வெட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் என் சார்பில் சொல்லுங்கள். போத்து என்னும் கிளைத்துண்டை நட்டாலே பிழைக்கும் மரம் அது. வேரோடிய அடிக்கட்டை தளிர்க்காமல் இருந்தால்தான் வியப்பு. திசைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு நல்ல கிளைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை அறுத்துவிட்டு, வைத்தவற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால், உயரமாகப் போய் அடுத்த காற்றில் முறியாமல் பக்கவாட்டில் கிளைக்கும். எந்தக் கிளை என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். ஏணி பிடிக்க வேண்டியவர் அவர். கம்பளிப்பூச்சி மழைக்காலத்தில் தண்டில் கூட்டமாக அடையும்போதுதான் தொல்லை; மரம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் நாள்தோறும் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்.

அலாரங்களைப் பற்றிக் கேள்வியாக நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைக்கத் தேவையில்லை. முதல் வாரம் இரவு இரண்டு மணி அலாரத்தை மட்டும் எடுங்கள். அடுத்த வாரம் நான்கு மணி. பிறகு ஒவ்வொன்றாகப் பகலில் உள்ளவற்றை எடுத்துக்கொண்டே வாருங்கள். காலை ஆறு மணி அலாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது அடித்ததும் நாற்காலியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போங்கள்.